கண்ணுக்கு எதிரி மயக்கமா, இருமலா?

கேள்வி: கண் கிழிந்தவருக்கு முழு மயக்கம் கொடுத்தால் கண் அழுத்தம் எகிறாதா?
– வாசகர், வாலாஜாபேட்டை

பதில்: மயக்கத்தைவிட இருமலுக்குத்தான் பயப்பட வேண்டும். இயல்பான கண் அழுத்தம் 10 முதல் 21 மி.மீ. பாதரசம். மயக்க மருந்தான புரோபோஃபால் அதைக் குறைக்கும். ஆனால் அரைகுறை மயக்கத்தில் மூச்சுப்பாதையில் குழாய் செருகி நோயாளி இருமிவிட்டால் 30, 40 கூட ஏறலாம். கிழிசல் வழியே கண்ணுக்குள் இருப்பது பிதுங்கிவிடும். தசையைத் தளர்த்தும் சக்சினைல்கோலின் சில நிமிடங்களுக்கு அழுத்தத்தைக் கூட்டுமே, அதை ஏன் ஒதுக்கவில்லை என்று சிலர் கேட்பார்கள். ஆம்பூர் பிரியாணி சாப்பிட்ட கையோடு வருபவருக்குத் தசையை நொடிகளில் தளர்த்திக் குழாய் செருகியாக வேண்டும். வயிற்றிலுள்ள உணவு மேலேறி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. இன்று அதிக அளவில் தரும் ரோக்குரோனியம் என்ற இன்னொரு தசைத் தளர்த்தி ஏறக்குறைய அதே வேகத்தில், அழுத்தத்தை ஏற்றாமல் அந்த வேலையைச் செய்கிறது. கண்ணில் வெட்டுக்காயம் பட்டால் கசக்காதீர்கள், எதுவும் சாப்பிடாதீர்கள், உடனே வேலூரில் உள்ள மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.