பல்லவியோடு சரி

எல்லார் வீட்டிலும் செருப்பைக் கழற்றச் சொல்வார்கள். எனக்குத் தெரிந்த ஓர் அண்ணன் கைக்கடிகாரத்தையும் கழற்றச் சொல்வார். செல்போனை வாசல் ஸ்டூலில் வைத்துவிட வேண்டும். "சைலன்ட்லதான் இருக்குண்ணே" என்றால் நடக்காது. "சைலன்ட்ல இருந்தாலும் அது டவரைத் தேடும் தம்பி. ஆம்ப்ளிஃபையர்ல டிர்ர்ருன்னு விழும்." அப்புறம் கதவு. நடுவில் மணல் நிரப்பி, சுற்றிலும் ரப்பர் பட்டை வைத்துச் செய்த அந்தக் கதவைத் தோள் கொடுத்துத்தான் சாத்த வேண்டும். சாத்தியதும் ரிமோட்டை எடுத்து ஏசியை நிறுத்துவார், ஏனென்றால் ஏசி சத்தம் போடுகிறது. மொட்டை மாடி அறை, மே மாதம், ஜன்னல் கிடையாது. (ஜன்னல் இருந்தது. செங்கல் வைத்து அடைத்துவிட்டார்.) எதிரே ஆம்ப்ளிஃபையரின் நான்கு கேடி88 வால்வுகள் ஆரஞ்சு நிறத்தில் கனன்று தங்கள் பங்குக்குச் சூட்டைக் கொடுக்கும். வியர்வை முதுகில் இறங்க, நாம் பாட்டு கேட்கத் தயாராவோம்.

கேட்கப் போவதாக நாம்தான் நினைத்துக்கொண்டிருப்போம்.

உறையிலிருந்து தட்டை இரண்டு உள்ளங்கைக்கு நடுவே எடுப்பார். ஊதிவிடலாமே என்று நமக்குத் தோன்றும். வாயைத் திறக்கக் கூடாது. கார்பன் பிரஷால் மூன்று சுற்று துடைப்பார். முள்ளை இறக்குவார். லேசாகக் கரகரப்பு, பிறகு வயலின்கள் எழும்பும், தபலா சேர்ந்துகொள்ளும், பாடகி மூச்சை இழுப்பது கேட்கும். பல்லவி முதல் வரி. நம் கால் கட்டைவிரல் தானாகத் தாளம் போடத் தொடங்கும். இரண்டாவது வரி. முள்ளைத் தூக்கிவிடுவார்.

"கேட்டீங்களா?"

"எதைண்ணே?"

"வலது பக்கம், வயலினுக்குப் பின்னால, ஒரு ட்ரையாங்கிள் டிங்குன்னுச்சே."

"சரியா கவனிக்கலைண்ணே."

"அதான் திரும்பப் போடறேன்."

திரும்பப் போடுவார். வயலின், தபலா, மூச்சு, டிங். தூக்கிவிடுவார். இப்போது ஸ்பீக்கரை அரை அங்குலம் உள்பக்கமாகத் திருப்பிவிட்டு இன்னொரு முறை. வயலின், தபலா, மூச்சு, டிங். "இப்ப?" அடுத்து ஒரு கேபிளைக் கழற்றி இன்னொரு கேபிளை மாட்டுவார். வயலின், தபலா. "வித்தியாசம் தெரியுதா?"

இந்தக் கேள்விக்குத் தப்பிக்கிற பதில் கிடையாது. தெரியவில்லை என்றால் நம் காதுகளை ஒரு முறை இரக்கத்தோடு பார்ப்பார். தெரிகிறது என்றால், "என்ன தெரியுது, சொல்லுங்க" என்று வாய்மொழித் தேர்வு வைப்பார். அவரிடம் அடிபட்ட பழைய நண்பர் ஒருவர் எனக்கொரு விடை சொல்லிக்கொடுத்தார்: "முன்னைக்கு இப்ப கொஞ்சம் காத்தோட்டமா இருக்குண்ணே." எந்தக் கேபிளுக்கும் எந்த ஸ்பீக்கருக்கும் பொருந்தும் விடை இது. ஜன்னலில்லாத அறையில் வேர்த்து வழிய உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்ல நெஞ்சழுத்தம் வேண்டும். சொல்லிவிட்டால் அண்ணன் முகம் மலர்ந்துவிடும். மலர்ந்த கையோடு, நிரூபிப்பதற்காக, இன்னொரு தடவை போடுவார்.

இந்த அறை கட்டி முடிந்த நாளிலிருந்து அங்கே நான் ஒரு சரணம் கேட்டதில்லை. இடையிசை எப்போதாவது கிடைக்கும், அதில் பேஸ் கிதார் இருந்தால். சரணத்தின் முதல் சொல்லுக்குப் பாடகர் வாயைத் திறக்கும்போது அண்ணன் கை முள்ளைத் தாங்கும் ஆர்மின்மேல் இருக்கும். பந்தியில் உட்காரவைத்து, இலை போட்டு, உப்பும் ஊறுகாயும் பரிமாறிவிட்டு, "உப்பு எப்படி? கல்லுப்பு" என்று கேட்டு எழுப்பிவிடுகிற விருந்து இது.

அந்த உப்புக்காக அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஸ்பீக்கர் எல்எஸ்3/5ஏ. ஓரடி உயரமுள்ள சின்னப் பெட்டி. 1970-களில் பிபிசி பொறியாளர்கள் வெளிப்புற ஒலிபரப்பு வேனுக்குள், ஆள் நிமிர்ந்து உட்காரக்கூட இடமில்லாத இடத்தில், காதுக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்பதற்கென்று செய்தது. அந்தப் பெட்டிக்காகத்தான் அண்ணன் வீட்டுச் சுவரை இடித்தார்.

பழைய அறை பத்துக்குப் பத்து, உயரமும் பத்து. கனசதுர அறையில் நீளம், அகலம், உயரம் மூன்றிலும் ஒரே அலைதான் வந்து நிற்கும். பத்தடிக்கு அது சுமார் 56 ஹெர்ட்ஸ். அந்தச் சுரம் மட்டும் அறை முழுக்கக் கும்மென்று வீங்கும். இதுவரை அண்ணன் சொன்னது அத்தனையும் சரி. உயரம் ஒன்று என்றால் அகலம் 1.4, நீளம் 1.9 இருக்க வேண்டும் என்று புத்தகத்தில் ஒரு விகிதம் கண்டுபிடித்து, ஒரு பக்கம் அடுத்த அறையை விழுங்கி, இன்னொரு பக்கம் படுக்கையறையில் நாலடி கடித்து, பத்துக்குப் பதினாலுக்குப் பத்தொன்பது ஆக்கினார். மூலைகளில் கண்ணாடிக் கம்பளிக்குப் பதிலாக ராக்வுல் அடைத்துத் தூண் தூணாக நிறுத்தினார், தாழ்ந்த சுரங்களைப் பிடித்துத் தின்பதற்கு. ஆனால் எல்எஸ்3/5ஏ 70 ஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்கவே சிணுங்குகிற பெட்டி. அது எழுப்பாத சத்தத்தைப் பிடிக்க நான்கு மூலையிலும் காவல். இதை ஒருமுறை மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். "நாளைக்குப் பெரிய ஸ்பீக்கர் வாங்கினா?" என்றார். அண்ணி அப்போது பக்கத்தில் இல்லை.

பின்சுவரில் மரத்தாலான டிஃப்யூசர். மான்ஃபிரெட் ஷ்ரோடர் என்ற ஜெர்மன் இயற்பியலாளர் 1970-களில் பகா எண்ணை வைத்துப் போட்ட கணக்கு அது. 0, 1, 2, 3 என்று வரிசையாக எண்களின் வர்க்கத்தை எடுத்து 7-ஆல் வகுத்தால் மீதி 0, 1, 4, 2, 2, 4, 1. அந்த விகிதத்தில் பள்ளம் பள்ளமாக மரத்தை அடித்தால் ஒலி ஒரே பக்கம் திரும்பாமல் சிதறும். ஆசாரியிடம் படம் வரைந்து கொடுத்துவிட்டு அண்ணன் இரண்டு நாள் வெளியூர் போனார். திரும்பி வந்து பார்த்தால் சுவர் வழவழவென்று ஒரே மட்டத்தில் இருந்தது. "நீங்க குடுத்த அளவுல ஒண்ணுக்கொண்ணு ஒத்துவரலை சார். பையன் எங்கியோ தப்பா எழுதிட்டான்னு நானே சரி பண்ணிட்டேன்." ஆசாரி கூடுதல் கூலி கேட்கவில்லை. அவ்வளவு நல்ல மனிதர்.

எர்த் குழி, ஃபிரிட்ஜ் விவகாரங்களுக்குள் போகவில்லை. கரியும் உப்பும் போட்டு ஆடியோவுக்கென்று தனியாகத் தோண்டிய எர்த் குழிக்குத் தினமும் தண்ணீர் ஊற்றப்படுகிறது. பக்கத்திலுள்ள துளசி வாடிக் கிடக்கிறது. அண்ணன் மாடியேறினால் கீழே ஃபிரிட்ஜ் நிற்க வேண்டும், கம்ப்ரஸர் உயிர் பெறும்போது ஸ்பீக்கரில் டப்பென்று விழுமாம். அந்த வீட்டில் பால் திரிவது இசையின் பொருட்டு.

கண்ணாடி விவகாரம் மட்டும் நான் நேரில் பட்டது. கேட்பவர் நாற்காலியில் உட்கார, இன்னொருவர் பக்கச் சுவரோடு ஒரு கண்ணாடியை நகர்த்திக்கொண்டே போக வேண்டும். நாற்காலியிலிருந்து பார்க்கும்போது கண்ணாடிக்குள் ட்வீட்டர் எங்கே தெரிகிறதோ அங்கேதான் ஒலி சுவரில் பட்டுத் திரும்புகிறது, அங்கே மெத்தையை ஒட்டலாம். எளிய, சரியான முறை. நாற்காலியில் அண்ணன். சுவரோரம், அண்ணியின் டிரெஸ்ஸிங் டேபிளிலிருந்து கழற்றிய ஆளுயரக் கண்ணாடியோடு நான். "இன்னும் கொஞ்சம் இடது. அப்படியே நில்லுங்க, சாக்பீஸ் எடுத்துட்டு வர்றேன்" என்று கீழே போனவர் காபி குடித்துவிட்டு வந்தார்.

விருந்தாளியைக்கூட அவர் சதுர அடியில்தான் கணக்கிடுவார். ஹார்வர்டில் 1895-இல் வாலஸ் சபைன் என்ற இளம் பேராசிரியர், பேச்சு புரியாமல் எதிரொலித்துக்கொண்டிருந்த ஒரு விரிவுரைக் கூடத்தைச் சரி செய்வதற்காக, பக்கத்து அரங்கிலிருந்து நாற்காலி மெத்தைகளை இரவோடு இரவாகத் தூக்கி வந்து பரப்பி, ஆர்கன் குழாயை ஊதி, ஒலி அடங்கும் நேரத்தை அளந்தார். மெத்தையும் மனித உடம்பும் ஒலியை எவ்வளவு குடிக்கும் என்று கணக்குச் சொன்னார். 1900-இல் திறந்த பாஸ்டன் சிம்பொனி ஹால் அந்தக் கணக்கில் எழுந்ததுதான். நல்ல கதை. அதன் பலன்: "நீங்க உக்காந்தா ட்ரெபிள் கொஞ்சம் அமுங்குது தம்பி. அந்தப் பக்கம் நகருங்க. உங்க வீட்டுக்காரங்களையும் கூட்டிட்டு வந்திருந்தீங்கன்னா எடுபட்டே போயிருக்கும்."

இவ்வளவு செய்தும் அவர் உயிரை விடுகிற பாட்டுகள் 60-களில் வந்தவை. பெரும்பாலும் மோனோ. இடது, வலது, பின்னால் என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. பாடகர், தபலா, குழல் எல்லாரும் இரண்டு பெட்டிக்கும் நடுவே ஒருவர் தோளில் ஒருவர் ஏறி நிற்பார்கள். இதைச் சொன்னால் அண்ணன் கலங்குவார் என்று நினைத்தேன். மோனோவுக்கென்று தனி கேட்ரிட்ஜ் இருக்கிறதாம். 78 சுற்றுத் தட்டுகளுக்கு முள்ளே வேறாம், மூன்று மடங்கு தடிமனாம். அதற்கு இரண்டாவது ஆர்ம் வேண்டுமாம். கேரார்டு 301 டர்ன்டேபிளை உட்காரவைக்கக் காரைக்குடிப் பழைய சாமான் கடையில் தேக்குத் தூண் வாங்கி அறுத்தவருக்கு இரண்டாவது ஆர்ம் ஒரு செலவா?

ஆனால் இந்த மனிதரிடம் ஒன்று உண்டு. எடைக்குப் போட்ட இசைத்தட்டுகள் எந்தப் பேப்பர் கடையில் வந்து விழுந்திருக்கின்றன என்று தெரிந்தால் மழையிலும் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். பூஞ்சை பிடித்த தட்டை ராத்திரியெல்லாம் உட்கார்ந்து கழுவி, கிழிந்த உறையை உள்பக்கமாக ஒட்டி, பெயர் எழுதி வைப்பார். நம் படத்தட்டு உறைகளில் இசையமைப்பாளர், கவிஞர், பாடகர் பெயர் இருக்கும். வாசித்தவர்கள் பெயர் இருக்காது. இந்தப் பாட்டில் கிதார் யார், அந்தக் குழல் யார் என்று அண்ணனுக்குத் தெரியும். பழைய ஆட்களைத் தேடிப் போய்க் கேட்டு நோட்டில் குறித்து வைத்திருக்கிறார். கவனித்துப் பார்த்தால் அவர் முள்ளைத் தூக்குகிற இடமெல்லாம் உறையில் பெயர் வராத ஒருவர் வாசித்த இடம். அந்த டிங் அடித்தவருக்கு இந்த ஊரில் கைதட்டுகிற ஒரே ஆள் அண்ணன்தான். இதை நினைத்துக்கொள்ளும்போது, ஏசி இல்லாமல் இன்னும் அரை மணி நேரம் உட்காரலாம் என்று எனக்குத் தோன்றும்.

அந்த நாற்காலியைப் பார்த்தால் திரும்பவும் எரிச்சல் வந்துவிடும். அறையில் ஒரே நாற்காலி. இரண்டு பெட்டியும் கேட்பவர் தலையும் சமபக்க முக்கோணமாக இருக்க வேண்டும். ஓரடி தள்ளினால் குரல் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். அதனால் பத்தொன்பதடி நீளமுள்ள அறையில் ஒருவர்தான் பாட்டுக் கேட்கலாம், மற்றவர்கள் சுவரோரம் நிற்கலாம். அண்ணி நிற்பார். வீட்டில் பாட்டெல்லாம் அவருக்குத்தான் மனப்பாடம். இரண்டாவது சரணத்தில், படத்தில் இல்லாமல் தட்டில் மட்டும் வருகிற வரிவரை சொல்வார். ஒருநாள் பல்லவிக்கு லேசாகக் கூடப் பாடிவிட்டார். "சும்மா இரு, இமேஜிங் கலையுது" என்றார் அண்ணன். அண்ணி கதவைத் தோளால் தள்ளித் திறந்துகொண்டு ஃபிரிட்ஜை மறுபடி போடக் கீழே போய்விட்டார். அதன் பிறகு அவர் அந்த அறைக்கு வந்து நான் பார்க்கவில்லை. கிண்டல் செய்ய எனக்கு இதில் ஒன்றும் அகப்படவில்லை. அந்த அம்மாவின் படுக்கையறையில் நாலடியையும் கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு கட்டிய அறை அது. அவர் வாயை மூடச் சொல்லிக் கேட்கிற அளவுக்கு எந்த ட்ரையாங்கிளும் பெரிதில்லை.

அண்ணே, மறுபடி கூப்பிட்டால் நான் வருகிறேன். கண்ணாடியும் பிடிக்கிறேன், காத்தோட்டமாக இருக்கிறது என்றும் சொல்கிறேன். இன்னொரு நாற்காலி போட்டு அண்ணியை உட்காரவையுங்கள். குரல் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் சாயட்டும். முள்ளை இறக்கிவிட்டுக் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 33⅓ சுற்றில் ஓடுகிற தட்டில் ஒரு பக்கம் முடிய இருபது நிமிடத்துக்குச் சற்றே கூடும், அவ்வளவுதான்.