தேசபக்தனும் அவன் காதும்

என் தேசபக்தியில் யாரும் குறை சொல்ல முடியாது. பாகிஸ்தானோடு கிரிக்கெட் நடக்கிற நாளில் நாற்காலியை விட்டு எழ மாட்டேன். நான் எழுந்தால் நம் விக்கெட் விழும். ஜெயித்ததும் மொட்டைமாடியில் ஒரு சரம் வெடிப்பேன். பிறகு கீழே வந்து, மூக்கில் புகை மணம் போவதற்குள் மெஹ்தி ஹசனின் கஜலைப் போட்டுக்கொண்டு படுப்பேன். இதில் முரண்பாடு ஏதும் இருப்பதாக எனக்குத் தோன்றியதில்லை. என் மனைவிக்குத் தோன்றியது.

"ஜெயிச்சது யாரு? பாடறது யாரு?"

"அவர் ராஜஸ்தான்ல பிறந்தவர். ஜுன்ஜுனு பக்கம் லூணான்னு ஒரு ஊர். பிரிவினையிலதான் குடும்பம் அந்தப் பக்கம் போச்சு" என்றேன், மாவட்ட ஆட்சியர் சான்றிதழ் கொடுக்கிற தோரணையில்.

"சரி, ராஜஸ்தான்காரங்க கேக்கட்டும். பதினோரு மணிக்கு மேற்கு மாம்பலத்துல எதுக்கு?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை. உருது எனக்கு ஓர் எழுத்தும் தெரியாது. இந்தியே 'ஏக், தோ, தீன்' தாண்டாத ஆசாமி, உருதில் மட்டும் உருகுவது எப்படி என்று கேட்டால், புரியாததால்தான் என்று சொல்ல வேண்டியிருக்கும். ஒருமுறை கண்ணை மூடித் தலையை ஆட்டி "வாஹ்!" என்றபோது என் மகன், "அப்பா, அவர் இன்னும் ஆரம்பிக்கல. தொண்டையைச் செருமறார்" என்றான்.

இது பரம்பரை வியாதி. என் அப்பா கதர்தான் உடுத்துவார்; அயல்நாட்டுச் சரக்கு எதுவும் வாசற்படி தாண்டக் கூடாது. ஆனால் எங்கள் திருநெல்வேலி வீட்டு ரேடியோவின் முள் விடிந்தால் அடைந்தால் கொழும்பில்தான் நிற்கும். காலையில் 'பொங்கும் பூம்புனல்' கேட்காமல் காபி இறங்காது. திருச்சி நிலையம் செய்திக்கும் விவசாயத்துக்கும் மட்டும். எங்களுக்கு வயலே கிடையாது என்பதால் அது செய்திக்கு மட்டும் என்றாயிற்று.

இதில் அப்பாவை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். 1952-ல் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி.வி. கேஸ்கர், சினிமாப் பாட்டு ஜனங்களைக் கெடுக்கிறது, சாஸ்திரிய சங்கீதம்தான் அவர்களைக் கரையேற்றும் என்று நம்பினார். ஆகாசவாணியில் சினிமாப் பாட்டு அருகிப்போயிற்று. ஜனங்கள் கரையேறவில்லை, கடலைத் தாண்டினார்கள். உலகப் போர்க் காலத்தில் நேசநாட்டுப் படையினருக்காக இலங்கையில் நிறுவிய ஒலிபரப்பி, ரேடியோ சிலோன் கைக்கு வந்திருந்தது. அதே 1952-ல் அமீன் சயானி 'பினாக்கா கீத்மாலா'வைத் தொடங்க, பம்பாயில் பிறந்த பாட்டைப் பம்பாய்க்காரர்கள் கொழும்பு வழியாகக் கேட்டார்கள். டெல்லி விழித்துக்கொண்டு விவிதபாரதியைத் தொடங்கியபோது 1957 அக்டோபர் ஆகிவிட்டது. அதற்குள் பழக்கம் ஊறிவிட்டது. தெற்கே எங்களுக்கோ அது விடவேயில்லை. மயில்வாகனம், கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீத் என்று அந்தக் குரல்களை எங்கள் தெருவே சித்தப்பா பெரியப்பா போல அடையாளம் கண்டுகொள்ளும். கோடம்பாக்கத்துப் பாட்டு அயல்நாடு போய்த் திரும்பி வந்தால்தான் எங்களுக்கு இனித்தது. பாதி சிங்களமான 'சுராங்கனி'க்கு எங்கள் கல்யாண வீடுகளில் ஆடாத தாய்மாமன் கிடையாது. அந்தப் பைலா மெட்டு போர்ச்சுக்கீசியர் விட்டுப்போன சொத்து என்பது ஆடியவர்களுக்குத் தெரியாது; தெரிந்திருந்தாலும் நிறுத்தியிருக்க மாட்டார்கள்.

2025 மே மாதம் சோதனை வந்தது. பாகிஸ்தானின் பண்பலை நிலையங்கள் இந்தியப் பாட்டை நிறுத்தின. சில நாளில் நம் அரசும் பாகிஸ்தான் படைப்புகளை இணையத் தளங்களிலிருந்து விலக்கச் சொன்னது. என் கைப்பேசியில் 'பசூரி' என்ற பாகிஸ்தான் பாட்டு இருந்த இடம் வெளிறிக் கிடந்தது. பஹல்காமில் பயங்கரவாதத் தாக்குதலில் உயிர்கள் போன நேரம். பாட்டுப் போச்சே என்று புலம்புவது நியாயமில்லை. புலம்பவில்லை. குளியலறையில் மட்டும், தண்ணீரைத் திறந்துவிட்டு, முணுமுணுத்தேன்.

அந்த ஆகஸ்டில்தான் எங்கள் குடியிருப்புச் சங்கம் சுதந்திர தின ஒலிபெருக்கிப் பொறுப்பை என்னிடம் கொடுத்தது. இரண்டாம் மாடியில் ஓய்வுபெற்ற தணிக்கை அதிகாரி ஒருவர் இருக்கிறார். "சார், எல்லைக்கு அந்தப் பக்கத்துல இருந்து ஒரு சுரம்கூட வரக் கூடாது" என்றார். எல்லாரையும்விட உரக்க "ஆமாம்" சொன்னவன் நான்தான்.

பட்டியலைக் கொண்டுபோனேன். முதலில் ஏ.ஆர். ரஹ்மானின் 'வந்தே மாதரம்', சுதந்திரப் பொன்விழாவுக்காக 1997-ல் வந்த ஆல்பம். "இதுல ஒரு பாட்டு நுஸ்ரத் ஃபதே அலி கான் பாடினது சார்." பேனா அதை அடித்தது. அடுத்து 'ஸாரே ஜஹான் ஸே அச்சா'. நம் ராணுவ பாண்டு வாசிக்கிறது, குறை இருக்காது என்று நினைத்தார். "1904-ல இக்பால் எழுதினது சார். அவர்தான் பாகிஸ்தானோட தேசியக் கவி. சமாதி லாகூர்ல." பேனா தயங்கியது. "பாகிஸ்தான் பிறக்கறதுக்கு ஒன்பது வருஷம் முன்னாடியே போயிட்டார்" என்று ஆறுதல் சொன்னேன். அதையும் அடித்தார்.

"ஜன கண மன இருக்கே, போதும்" என்றார்.

"பங்களாதேஷுக்கும் தாகூர் பாட்டுதான் சார் தேசிய கீதம்."

தணிக்கை அதிகாரி பேனாவை மூடினார். "இதைக் கமிட்டியில சொல்லாதீங்க" என்றார்.

இப்போது வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் வீட்டுப் பரணில் பழைய கஜல் கேசட் ஏதும் கிடந்தால் குப்பையில் போட்டுவிடாதீர்கள். என்னிடம் டேப்ரிக்கார்டர் ஓடுகிற நிலையில் இருக்கிறது. கூரியர் செலவு என்னுடையது. மேலட்டையில் மட்டும் 'கந்த சஷ்டி கவசம்' என்று எழுதி அனுப்புங்கள்.