தசை திகைக்குமா?

கேள்வி: ஜிம் மாஸ்டர், "கை நடுங்கினாலும் தூக்கு" எண்டுறார். சிநேகிதன், "கிழமைக்கொரு பயிற்சி மாத்து, தசை திகைக்கட்டும்" எண்டுறான். ஆற்ற சொல்லைக் கேக்கிறது?
— கொக்குவில் வாசகர்

பதில்: தசை திகைக்காது தம்பி, நீங்கள்தான் திகைப்பீர்கள். பாரம் தூக்கத் தொடங்கிய முதல் சில கிழமைகளில் கூடுகிற பலம் பெரும்பாலும் நரம்பு பழகுவதால் வருவது. கிழமைக்குக் கிழமை பயிற்சியை மாற்றினால் நரம்பு அரிச்சுவடியைத் தாண்டாது. சாவகச்சேரி ஆர்ஷிகா தேசிய மட்டத்தில் தங்கம் வென்ற பளுதூக்கலில் மொத்தமே இரண்டு தூக்குத்தான்: ஸ்நாட்ச், கிளீன் அண்ட் ஜேர்க். அவற்றையும், குந்தி எழும்புவது போன்ற சில துணைப் பயிற்சிகளையும்தான் ஆண்டுக்கணக்காய்ப் பழகுகிறார்கள். மாறுவது பாரமும் எண்ணிக்கையும். போட்டியிலேயே முன்பு குறைந்தது 2.5 கிலோ கூட்டவேண்டியிருந்தது, 2005 முதல் 1 கிலோ போதும். உங்களுக்கு மட்டும் என்ன அவசரம்?

மாஸ்டரும் முழுப்பிழை இல்லை. கடைசி ஓரிரு தூக்கல் கஷ்டமாய் இருக்கத்தான் வேணும். கை நடுங்கலாம், முதுகு வளையவோ மூட்டு குத்தவோ கூடாது. குத்தினால் கீழே வைத்துவிடுங்கள், மிச்சத்தை மாஸ்டர் தூக்கட்டும்.

ஆறு, எட்டுக் கிழமை ஒன்றையே பழகிவிட்டு மாற்றுங்கள். இடையில் ஒரு கிழமை பாரத்தைக் குறையுங்கள். நல்லூர்த் திருவிழா அதற்கு நல்ல சாட்டு. "25 நாளும் மரக்கறி, புரதத்துக்கு எங்க போறது?" என்று அடுத்த கடிதம் போடவேண்டாம். கச்சானும் கடலையும் கோயில் வீதியிலேயே விற்கிறார்கள்.