எரியும், ஆனால் எரியாது

எங்கள் பழைய பிக்கப்பின் முன்விளக்குக்கு இடம், பொருள், ஏவல் நன்றாகத் தெரியும். சோழவந்தான் கடைத்தெருவில், தெருவிளக்கு பளீரென்று இருக்கும்போது ஜோராக எரியும். வெற்றிலைக் கட்டுகளை ஏற்றி விடியுமுன் மதுரைக்குக் கிளம்பினால், திருவேடகம் தாண்டியதும் அணைந்துவிடும். சம்பந்தர் விட்ட ஏடு வைகையை எதிர்த்துப் போய்க் கரையேறிய ஊர் அது. நான் எதிரே வரும் லாரி வெளிச்சத்தில் கரையேறுகிறேன்.

பானட்டில் ஓங்கி ஒரு தட்டு தட்டினால் இரண்டு விளக்கும் சேர்ந்தே எரியும். சேர்ந்து அணைந்து சேர்ந்து எரிந்தால் பல்பின் மேல் குற்றமில்லை. இது புரிவதற்குள் நான் மூன்று பல்பு மாற்றியிருந்தேன். பட்டறையிலோ, "நல்லாத்தானண்ணே எரியுது!" என்பார்கள். பட்டப்பகலில் அதுவும் எரியும்தான்.

கடைசியில் வந்த வயதான எலக்ட்ரீஷியன் பல்பைத் தொடவே இல்லை. டெஸ்ட் லாம்பை அங்கங்கே வைத்துப் பார்த்தார். எர்த் ஒயரின் போல்ட்டில் பச்சையும் பழுப்புமாகத் துரு. 12 வோல்ட்டில் 60 வாட் பல்பு இரண்டு; ஆக 10 ஆம்பியரும் அந்தக் கிழட்டு சுவிட்ச் வழியாகவே போகிறதாம். உப்புத்தாளால் போல்ட்டைத் தேய்த்தார், ஒரு ரிலே மாட்டினார். அரைமணி நேர வேலை.

கழற்றிய பல்புகள் மூன்றும் டேஷ்போர்டில் கிடக்கின்றன. வேண்டுவோர் வந்து வாங்கிக்கொள்ளலாம், ஒன்றிலும் பழுதில்லை.