கோர்வையும் கூட்டணியும்

காஞ்சிபுரம் கோர்வைச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். தறியில் நெசவாளிக்குத் துணையாள் ஒருவர் உட்கார்ந்து இழை கோத்துக் கொடுத்தால், எப்படி இழுத்தாலும் பிரியாது. டெல்லிச் சரக்கான கூட்டணிக்கு இந்த உத்தரவாதம் கிடையாது. 1998இல் வாஜ்பாய்க்கு அ.தி.மு.க. கை கொடுத்தது, மறு ஆண்டே எடுத்துக்கொண்டது. 1999 ஏப்ரல் 17 அன்று 269க்கு 270, ஒரே ஓட்டில் ஆட்சி போயிற்று. உடனே தி.மு.க. கை நீட்டியது. 2004இல் அதே கை காங்கிரசின் கைச் சின்னத்துக்கே போயிற்று, பொருத்தம்தான்!

2024இல் பா.ஜ.க.வுக்கு 240, வேண்டியது 272. தெலுங்கு தேசத்தின் 16, ஐக்கிய ஜனதா தளத்தின் 12, மற்ற கூட்டணிக் கட்சிகளின் இடங்கள் எல்லாம் சேர்ந்து காப்பாற்றின. தமிழ்நாட்டில் நாம் 39 தொகுதிகளையும் ஒரே அணிக்கு அள்ளிக் கொடுத்துவிட்டு, ஆந்திராவும் பீகாரும் பேரம் பேசுவதை டி.வி.யில் பார்த்தோம். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர் எரிச்சல்படாமல் என்ன செய்வார்? அந்த ஊர்க் கோயில் குளத்து அத்திவரதராவது 40 ஆண்டுக்கு ஒருமுறை தவறாமல் வெளியே வருகிறார்.

அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வருபவரிடம், ஜெயித்தபின் யாரோடு சேருவீர்கள் என்று முதலில் கேளுங்கள். சரிகை விலையை அப்புறம் பேசலாம்.