ஐந்து நகல் பசு

மதகடிப்பட்டுச் செவ்வாய் மாட்டுச் சந்தைக்கு ஒழுங்கே தெரியாது. துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுகிறார்கள். மடியைத் தொட்டுப் பார்க்கிறார்கள். ரொக்கத்தை இடுப்பில் முடிந்துகொண்டு போயே போய்விடுகிறார்கள். முத்திரையும் இல்லை, கையொப்பமும் இல்லை. இப்படி இருந்தால் கோப்பு எப்படிப் பெருகும்?

2017 மே 23 தேதியிட்ட மத்திய அரசின் கால்நடைச் சந்தை விதிகள் இந்தக் குறையைத் தீர்க்க வந்தன. ஒரு மாடு விற்றால் சான்று ஐந்து நகல்: வாங்கியவர், விற்றவர், வட்டாட்சியர் அலுவலகம், தலைமைக் கால்நடை மருத்துவர், சந்தைக் குழு. மாட்டுக்கு மட்டும் நகல் கிடையாது. தின்றுவிடும் என்ற முன்யோசனைதான்.

கொம்புக்கு வர்ணம் பூசுவதும் கொடுமைப் பட்டியலில் சேர்ந்தது. மெத்தச் சரி. மாட்டுப் பொங்கலன்று நாம் வீட்டுக்கு வீடு நடத்தும் அட்டூழியத்தை இதுவரை யார் கண்டித்தார்கள்? ‘கசாப்புக்கு அல்ல’ என்று வாங்குபவர் எழுதியும் தரவேண்டும் என்றது விதி. பசுவின் குளம்பு ரேகையை மட்டும் ஏன் விட்டார்களோ!

எழுதித் தரும் அந்த விதியின் பல்லைப் பிடித்துப் பார்த்து, உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இடைக்காலத் தடை போட்டது. தேதி மே 30. விதி பிறந்ததும் செவ்வாய், தடை விழுந்ததும் செவ்வாய். சந்தைக்கு வந்த சரக்கு மறு சந்தைக்குள் திரும்பிவிட்டது. தரகு யாருக்குப் போனது என்றுதான் தெரியவில்லை.