பந்தி போடத் தெரியாத சர்வர்

கே: எங்கள் பனியன் கம்பெனி சாஃப்ட்வேரில் டெலிவரி சலான் ரிப்போர்ட்டை ஒரு மாதத்துக்குக் கேட்டால் வருகிறது. இரண்டு வருஷத்துக்குக் கேட்டால் நின்றுவிடுகிறது. சர்வர் பழசாகிவிட்டதா? (கணக்கர், சேவூர்)

ப: இரண்டு வருஷச் சலானை ஒரே பக்கத்தில் பார்த்து என்ன செய்யப்போகிறீர்கள்? முதலாளி கேட்டார் என்பீர்கள். அவர் பார்ப்பது கடைசி வரியில் இருக்கும் மொத்தத்தை மட்டும். அந்த வரிதான் வரவில்லை!

கல்யாணத்துக்கு ஆயிரம் பேர் வந்தால் பந்தி பந்தியாகத்தானே இலை போடுகிறோம்? உங்கள் சர்வரோ, கடைசிக் குண்டா சாம்பார் இறங்கும்வரை முதல் இலையில் உப்புகூட வைக்காத சமையல்காரர். பக்கம் முழுவதையும் பஃபரில் சேர்த்துவைத்து, முடிந்த பிறகே வெளியே அனுப்பும். குண்டாவுக்கும் ஓர் அளவு உண்டு. விண்டோஸ் சர்வர் 2003-உடன் வந்த ஐஐஎஸ் 6 என்ற வெப் சர்வர், ஏஎஸ்பியில் எழுதிய பக்கங்களுக்கு 41,94,304 பைட்தான் என்று கோடு கிழித்தது. அதாவது 4 எம்பி. அதுவரை ஒழுங்காக ஓடிய ரிப்போர்ட்டுகள், ஒரு எழுத்துகூட மாறாமல், புது சர்வரில் மக்கர் செய்தன. ஆகவே பழசு என்று ஏசாதீர்கள், புதுசும் செய்யும்.

மருந்து: 500 வரிக்கு ஒருமுறை ஃப்ளஷ் செய்யச் சொல்லுங்கள். பெயரைக் கேட்டு முகம் சுளிக்க வேண்டாம், சேர்ந்ததை அப்போதைக்கப்போது வெளியே தள்ளுவதுதான். அதைவிட நல்லது, பக்கத்துக்கு 100 சலான் என்று பந்தி பிரிப்பது.

ஆனால் முதலில் மூன்று தடவை ஓட்டிப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் ஒரே நொடிக் கணக்கில் நின்றால் நேர வரம்பு: புரோகிராம் பழைய ஏஎஸ்பியில் எழுதியதென்றால் 90 நொடி, பிஎச்பியில் எழுதியதென்றால் 30, யாரும் மாற்றாதவரை. ஒரே சலானில் நின்றால் வரிசையைத் தலைகீழாக்குங்கள். அப்போதும் அதே சலானில் நின்றால் அந்தச் சலானில்தான் கோளாறு. வேறு சலானில், ஆனால் ஏறக்குறைய அதே அளவில் நின்றால் பஃபர்.

கே: சர்வர் என்றால் என்ன?

ப: மேலே பந்தியில் உட்கார்ந்திருந்தீர்களே, இலையை மூடிவிட்டீர்களா?

கே: பெரிய ரிப்போர்ட் கேட்டால் வெறும் வெள்ளைப் பக்கம் வருகிறது. (பெருமாநல்லூர்)

ப: சாயப்பட்டறையில் வெள்ளையாக வந்தால் ப்ளீச்சிங், சர்வரில் வெள்ளையாக வந்தால் பெரும்பாலும் பிஎச்பி. வழக்கமான 128 எம்பி நினைவகம் தீர்ந்து செத்திருக்கும். பிழையைத் திரையில் காட்டாதே என்று யாரோ வாயைக் கட்டியிருப்பார்கள். பிழைகளைச் சர்வர் குறித்துவைக்கும் எரர் லாகைத் திறந்து பாருங்கள்.

கே: சேவூர் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு வரும் நிலக்கடலை பற்றி உங்கள் கருத்து?

ப: அதைக்கூட மூட்டை மூட்டையாகத்தான் கொண்டுவருகிறார்கள் என்பதைக் கணக்கர் கவனிக்க.

கே: சின்னப் பக்கம் ஒழுங்காக வருகிறது, பெரிசு மட்டும் அறுந்து வருகிறது. புரோகிராமர் சர்வர்காரரைச் சொல்கிறார், சர்வர்காரர் புரோகிராமரைச் சொல்கிறார். (அவினாசி)

ப: திருப்பூரில் இது புதுசா? துணியில் கோடு விழுந்தால் டையிங்காரர் நிட்டிங்கைக் காட்டுவார், நிட்டிங்காரர் நூல் மில்லைக் காட்டுவார். பக்கத்தின் மூலத்தைத் திறந்து கடைசி வரியைப் பாருங்கள். எச்டிஎம்எல்லை மூடும் குறி இருந்தால் சரக்கு முழுசாக வந்துவிட்டது, திணறுவது உங்கள் பிரவுசர். இல்லையென்றால் வழியில் அறுந்திருக்கிறது.

வழியில் யார்? இந்த இடத்தில்தான் எனக்குக் கை பரபரக்கும். நடுவில் எஞ்சின்எக்ஸ் என்று ஓர் ஏஜென்ட் இருக்கிறாரா கேளுங்கள். அவர் கையில் வழக்கமாக எட்டு பஃபர், ஒவ்வொன்றும் 4 அல்லது 8 கேபி. பதில் அதில் அடங்காவிட்டால் மிச்சத்தை டிஸ்கில் ஒரு தற்காலிகக் கோப்பில் இறக்கிவைப்பார். அந்தக் கோப்புறையில் எழுத அவருக்கு அனுமதி இல்லை, அல்லது டிஸ்க் நிரம்பிவிட்டது என்றால்? கையில் பிடித்த வரைக்கும் கொடுத்துவிட்டுக் கம்பி நீட்டுவார். சின்னப் பக்கத்துக்கு அந்த டிஸ்க் குடோனின் சாவியே தேவைப்படாததால் ஒருவருக்கும் சந்தேகம் வராது. லாகில் மட்டும் அனுமதி மறுக்கப்பட்டது என்று ஒரு வரி, படிக்க ஆளில்லாமல் கிடக்கும்.

கே: பத்தாவது வரை படித்தேன். செக்கிங்கில் ஏழு வருஷம். கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் வேலை எனக்கு வருமாங்க? (சேவூர் வாசகி)

ப: வரும், அம்மிணி. டியூப்லைட் வெளிச்சத்தில் பீஸைத் திருப்பி, ஓட்டை எது, ஆயில் கறை எது, எந்த மிஷினில் விழுந்தது என்று சொல்கிறீர்களே, மேலே நான் எழுதியதும் அதே வேலைதான். ஆங்கிலம் பயமுறுத்தும், ஆனால் லாகில் திரும்பத் திரும்ப வருபவை கொஞ்சம் சொற்கள்தான், ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். பெரிய தொகை கட்டச் சொல்லும் கோர்ஸில் எடுத்ததும் சேராதீர்கள். ஆபீஸ் கணக்கரிடம், ரிப்போர்ட் நிற்கும்போது பக்கத்தில் நின்று பார்க்கட்டுமா என்று கேளுங்கள். அவர் மேலே எனக்கு எழுதியிருக்கிறார், மறுக்க மாட்டார்.

கே: பேசாமல் எல்லாவற்றையும் எக்செல்லில் இறக்கிக்கொண்டால்? (அதே கணக்கர், சேவூர்)

ப: முன்பு 65,536 வரியில் நின்றது. 2007 எக்செல்லில் இருந்து 10,48,576. அதுவும் பத்தவில்லை என்று அடுத்த வாரம் எழுதுவீர்கள், காத்திருக்கிறேன்.